யாழ்ப்பாணத்து வெக்கைக்கும் வெள்ளத்துக்கும் ஏற்ற வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடாநாட்டில் புதிதாக வீடு கட்டப்போகிறவர்களுக்கும், அவர்களுக்குப் படம் கீறும் இளம் கட்டடக் கலைஞர்களுக்கும் எழுதியது. கணக்குகள் எல்லாம் 1000 சதுர அடிக் கூரை, நான்கு பேர் குடும்பம் என்று வைத்துப் போட்டவை.

உலகம் சூடாவதற்கும் நான் கட்டும் ஒரு வீட்டுக்கும் என்ன தொடர்பு?

உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 வீதம் சீமெந்திலிருந்து மட்டும் வருகிறது. 50 கிலோ மூடை ஒன்றுக்கு 40 கிலோ வாயு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1000 சதுர அடிக்கு 5 அங்குலத் தடிப்பில் கொங்கிறீற் கூரை போட்டால் கிட்டத்தட்ட 12 கன மீற்றர் கொங்கிறீற் போகும். 1:2:4 (சீமெந்து, மணல், சல்லி) கலவையில் அது 75 மூடை, அதாவது 3 தொன் வாயு. உள்ளே போகும் கம்பிக்கு இன்னும் ஏறத்தாழ 2 தொன். கூரைக்கு மட்டுமே 5 தொன்.

மற்றப் பக்கமும் இருக்கிறது. இரவு வெக்கை கூடுகிறது, ஒரு மாத மழை இரண்டு நாளில் கொட்டுகிறது, கிணற்றில் உப்பு ஏறுகிறது. இன்று கட்டும் வீடு இன்னும் 50 வருடம் இவற்றுக்கு நடுவில்தான் நிற்கப்போகிறது.

எதிலிருந்து தொடங்குவது? முதலில் சோலர் போடலாமா?

சோலர் கடைசி. முதலில் கூரை, அடுத்து மேற்குச் சுவர், பிறகு காற்று, பிறகு தண்ணீர். இந்த நான்கும் படத்தாளில் தீர்க்க வேண்டியவை. கட்டி முடித்தபின் திருத்தப் போனால் இரட்டிப்புச் செலவு. சோலரை எந்த வருடமும் பூட்டலாம்.

கொங்கிறீற் கூரை வீடு ஏன் இரவில் வேகுது?

பங்குனி, சித்திரையில் இரவு 9 மணிக்கு ஒரு கதிரையில் ஏறிக் கூரையின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பகல் முழுக்கக் குடித்த வெயிலை அது அப்போதுதான் அறைக்குள் விட்டுக்கொண்டிருக்கும். சூடு மேலிருந்து கீழே வந்து சேரச் சில மணித்தியாலம் எடுக்கும். அதனால்தான் பின்னேரம் தாங்கக்கூடியதாக இருக்கும் அறை, படுக்கப்போகும் நேரம் அடுப்பாகிறது. பாலைவன நாடுகளில் இரவு நன்றாகக் குளிர்வதால் தடித்த கூரை அங்கே நல்லது. இங்கே சுற்றிவரக் கடல். பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வித்தியாசம் குறைவு. கூரை ஆறுவதற்கு முன்னரே விடிந்துவிடும்.

இனித்தான் கட்டப்போகிறீர்கள் என்றால் படுக்கை அறைகளுக்கு மேல் கொங்கிறீற் வேண்டாம். “பிறகு மேல்மாடி எடுக்கலாம்” என்று தூணில் கம்பியை நீட்டி விட்ட வீடுகள் ஊரெல்லாம் உண்டு. பெரும்பாலானவற்றில் மாடி வரவில்லை, உப்புக் காற்றில் கம்பிதான் கறள் பிடித்து, அந்தக் கறள் தூணுக்குள்ளும் இறங்கிவிட்டது. மாடி எடுப்பது உறுதி என்றால் வெளியே நீட்டிய கம்பிக்குச் சீமெந்துப் பால் பூசி, மெலிந்த கொங்கிறீற்றால் மூடி விடுங்கள்.

ஏற்கெனவே கட்டியாயிற்றென்றால் மூன்று வழிகள். மலிவானது வெள்ளைச் சுண்ணாம்பு: நீற்றிய சுண்ணாம்பை வடித்து, பால் பதத்தில் கரைத்து மூன்று தடவை பூச வேண்டும், ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. மாரி அதைக் கழுவிவிடும். ஒவ்வொரு தை கடைசியிலும் திரும்பப் பூச வேண்டும். இரண்டாவது, கூரைக்கு மேல் இன்னொரு கூரை: குறைந்தது ஒன்றரை அடி இடைவெளி விட்டு, நான்கு பக்கமும் திறந்து, சீற் அல்லது கிடுகு. இடைவெளியால் காற்று ஓடாவிட்டால் பயனில்லை. மூன்றாவது, சோலர் தகடுகளையே நிழலாகப் பாவிப்பது. மொட்டைமாடியில் பூந்தோட்டம் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். நீர்க்கசிவுத் தடுப்பு ஒழுங்காக இல்லாத கூரையில் அது கம்பிக்கு யமன்.

ஓடா, சீற்றா?

ஓடு. களிமண் ஓட்டுக்கு இடையில் இருக்கும் நீக்கல்களால் சூடான காற்று தானாக வெளியேறும். நனைந்த ஓடு காயும்போது குளிர்ச்சியும் தரும். 100 சதுர அடிக்கு 130 முதல் 150 ஓடு தேவை; சாய்வு 25 பாகைக்குக் குறையக் கூடாது. குறைத்தால் வாடை (வடகிழக்குக் காற்று) மழை ஓட்டுக்கு அடியால் உள்ளே வரும். கைமரத்துக்கு வைரம் பாய்ந்த பனை கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. ஆனால் பனை தறிக்க அனுமதி வேண்டும், வாங்கும்போது அந்தப் பத்திரத்தைக் கேளுங்கள்.

கையிலிருக்கும் காசுக்குச் சீற்தான் என்றால் வெளிர் நிறத்தில் எடுங்கள். அடியில் பளபளப்பான அலுமினியத் தாள் விரிப்பவர்கள் வழக்கமாக ஒரு பிழை விடுகிறார்கள்: தாள் சீற்றோடு ஒட்டிக்கிடக்கும். ஒட்டினால் அது வெறும் உலோகம், சூட்டைக் கடத்தும். சீற்றுக்கும் தாளுக்கும் இடையில் குறைந்தது 1 அங்குல இடைவெளி வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பளபளப்பென்றால் அந்தப் பக்கம் கீழே பார்க்க வேண்டும், ஏனென்றால் மேலே பார்த்த பளபளப்பில் தூசி படிந்து இரண்டு வருடத்தில் அது மங்கிவிடும். சீலிங் அடித்தால் தாழ்வாரத்தில் காற்று உள்ளே வர நீக்கல், முகட்டில் வெளியேறத் திறப்பு, இரண்டுக்கும் வலை. பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றைக் கழற்றும்போது வெட்டவோ உடைக்கவோ வேண்டாம். நனைத்து, முழுதாக இறக்குங்கள், தூசி நுரையீரலுக்குக் கேடு.

யன்னல் எந்தப் பக்கம், எவ்வளவு நிழல்?

யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9.7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அதன்பின் ஓகஸ்ட் கடைசி வரை மத்தியான வெயில் வடக்குப் பக்கத்திலிருந்து விழும். கொழும்பில் படித்துவிட்டு வருபவர்களும் சில வேளை வடக்குச் சுவரை மறந்துவிடுகிறார்கள்.

கணக்கு இதுதான். யூன் 21 மத்தியானம் சூரியன் வடக்கே 76 பாகை உயரத்தில் நிற்கும். 4 அடி உயர யன்னலுக்கு 1 அடி நிழல் போதும். டிசம்பர் 22 இல் தெற்கே 57 பாகை. அதே யன்னலுக்கு 2 அடி 8 அங்குலம் வேண்டும். மேற்கு யன்னலுக்கு இந்தக் கணக்கு சரிவராது. பின்னேரம் 4 மணிக்கு வெயில் 30 பாகையில் சாய்ந்து வரும்போது 4 அடி யன்னலை மூட 7 அடி தாழ்வாரம் வேண்டும். அதற்குப் பெயர் விறாந்தை. ஆகவே மேற்கில் ஒன்றில் விறாந்தை, இல்லாவிட்டால் களஞ்சியம், குளியலறை, மாடிப்படி. அதுவும் முடியாத சின்னக் காணி என்றால் சுவரிலிருந்து 12 முதல் 15 அடி தள்ளி ஒரு வேம்பு அல்லது கறுத்தக் கொழும்பான் மா. மாமரம் நிழல் தரச் சில வருடம் எடுக்கும். அத்திவாரம் வெட்டுகிற அன்றே கன்றை வைத்துவிடுங்கள்.

காற்றுக்கு வேறு கணக்கு. வெக்கை மாதங்களில் வருவது சோளகம், தெற்கு, தென்மேற்குப் பக்கமாக. படுக்கை அறைக்குத் தெற்கே கட்டில் உயரத்தில் ஒரு யன்னலும், எதிர்ச் சுவரில் இன்னொரு திறப்பும் வேண்டும். எதிர்த் திறப்பு இல்லாத அறையில் எவ்வளவு பெரிய யன்னல் வைத்தாலும் காற்று வாசலில் நின்று திரும்பிவிடும். கதவுக்கு மேலே கம்பித் திறப்பு விட்டால் கதவு பூட்டியிருந்தாலும் காற்று ஓடும். நுளம்பு வலை காற்றோட்டத்தை நன்றாகக் குறைக்கும். டெங்கு ஊரில் வலையை விட முடியாது, யன்னலைத்தான் பெரிதாக்க வேண்டும். கண்ணாடி இழுவை யன்னலில் பாதிதான் திறக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு 7 அடி உயரத்துக்குச் சுற்றுமதில் கட்டினால் சோளகம் மதிலுக்கு மேலால் போய்விடும். பனையோலை வேலியும் கிளுவை வேலியும் காற்றை வடித்து விட்டன. மதில்தான் வேண்டும் என்பவர்கள் தெற்குப் பக்கம் 3 அடிக்கு மேலே துளைக்கல் வைத்துக் கட்டட்டும்.

சாத்திரப்படி கட்டினால் இதெல்லாம் ஒத்துவருமா?

பெரும்பாலும். கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், பெரிய அறை என்பது சோளகத்துக்கு நேர் முகம். தெற்கு யன்னலைப் பெரிதாக்கி, மேற்குச் சுவருக்கு அலுமாரிகளும் வெளியே நிழலும் கொடுத்தால் அது வீட்டின் நல்ல அறையாகிவிடும். சிக்கல் அக்கினி மூலைக் குசினியில். தென்கிழக்கில் குசினி இருந்தால் சோளகக் காலத்தில் தெற்குக் காற்று புகையையும் சூட்டையும் கிழக்கு அறைகளுக்குள் தள்ளும். மூலையை மாற்றச் சொல்லி வீட்டுக்காரரோடு சண்டை பிடிக்கத் தேவையில்லை. குசினிக்கும் அடுத்த அறைக்கும் இடையில் திறந்த முற்றமோ விறாந்தையோ விட்டு, அடுப்புக்கு மேலே கூரை வரை புகைபோக்கி எடுத்தால் தீர்ந்தது.

சுவருக்கு என்ன கல்? மண்கல் பசுமையானது என்கிறார்களே?

வேறு ஊரில் சரி. வலிகாமத்துச் செம்மண்ணை அரிந்து கல்லாக்குவது தோட்டத்தைத் தின்று வீடு கட்டுவது. வெங்காயமும் மரவள்ளியும் விளைகிற மண் திரும்ப வராது. மணலிலும் அதே யோசனை வேண்டும். வடமராட்சி கிழக்கில் மணல்மேட்டை அள்ளினால் கடலுக்கு இருந்த மறிப்பு போய்விடும். அனுமதிப் பத்திரம் இல்லாத லோட்டை இறக்க விடாதீர்கள்.

நடைமுறையில் சீமெந்துக் கல்தான் மிஞ்சும். அதில் சீமெந்தைக் குறைக்க வழிகள் உண்டு: உள்ளே வெறுமையான கல், பாரம் தாங்காத உள்சுவருக்கு 4 அங்குலம், இடித்த பழைய சுவரின் சுண்ணக்கல்லை அத்திவாரத்துக்கு. கல்லை அரிந்தபின் ஏழு நாளாவது தண்ணீர் ஊற்றிக் காய விடாமல் வைத்திருந்தால், அதே சீமெந்துக்கு அதிக பலம் கிடைக்கும். அவசரப்பட்டு மூன்றாம் நாள் ஏற்றிய கல் விளிம்பில் உதிரும்.

உப்புத்தான் இங்கே பெரிய எதிரி. கடல்மணல், தீவகத்து உவர்க் கிணற்றுத் தண்ணீர் இரண்டையும் கம்பி போட்ட கொங்கிறீற்றில் சேர்க்கவே கூடாது. கடற்கரையை அண்டிய தூண், வளைகளில் கம்பிக்கு வெளியே 2 அங்குலம் கொங்கிறீற் மூடல் வேண்டும். அதைப் பிடித்துவைக்கச் சீமெந்துச் சில்லுகளைக் கம்பிக்கு அடியில் கட்டாமல், கல்துண்டைச் செருகிவிட்டுப் போவதுதான் வழக்கமான பிழை. ஊற்றும் நாளுக்கு முன்தினம் நேரில் போய்ப் பாருங்கள்.

பழைய நாற்சார் வீட்டை இடித்துவிட்டுக் கட்டலாமா?

இடிக்க வேண்டாம். நடுமுற்றம், தடித்த சுவர், உயர்ந்த ஓட்டுக் கூரை, சுற்றிவர விறாந்தை: மேலே சொன்னதெல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. அந்தச் சுண்ணக்கல் சுவருக்குச் சீமெந்து பூசியதுதான் பல வீடுகள் பழுதாகக் காரணம். சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விட வேண்டும். சீமெந்துப் பூச்சு அதை மறித்துவிடும், ஈரம் மேலே ஏறி உப்புப் பூத்து, பூச்சு பலகையாகக் கழன்று விழும். பழைய பூச்சைச் சுரண்டி, ஒரு மாரி கழியும் வரை சுவரை மூச்சுவிட விட்டு, சுண்ணாம்பும் மணலும் 1:3 கலவையில் மெல்லிய பூச்சாக இரண்டு தடவை பூசுங்கள். மேலே பிளாஸ்ரிக் பெயின்ற் வேண்டாம், சுண்ணாம்பு வெள்ளை போதும். நடுமுற்றத்தின் மேல் கண்ணாடி போட்டு மூடுவது இப்போது நாகரிகமாக இருக்கிறது. அது முற்றமல்ல, சூளை.

மழைநீரை எவ்வளவு சேர்க்கலாம்?

இங்கே வருடத்தில் ஏறத்தாழ 1250 மில்லிமீற்றர் மழை, பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பருக்குள். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் விழுந்தால் 1 லீற்றர். 1000 சதுர அடி என்பது 93 சதுர மீற்றர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 93,000 லீற்றர் மிஞ்சும்.

அவ்வளவையும் தாங்கியில் பிடிக்கத் தேவையில்லை. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லீற்றர் என்றால் நான்கு பேருக்கு நாளுக்கு 20. 5000 லீற்றர்த் தாங்கி 250 நாள் போகும், தை முதல் அடுத்த மாரி வரை. தீவகத்தில் இது வசதியல்ல, அவசியம். மிச்சத் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கட்டும்.

பீலி 100 அடிக்கு 6 அங்குலமாவது சாய வேண்டும், 30 அடிக்கு ஒரு இறங்கு குழாய். முதல் மழை கூரையில் கிடக்கும் காக்கை எச்சத்தையும் சருகையும் கழுவி வரும். அதை வாங்க 50 லீற்றர்க் கான் ஒன்றைத் தாங்கிக்கு முன்னால் கட்டி, நிறைந்தபின்தான் தாங்கிக்குப் போகும்படி குழாயை வையுங்கள். கானின் அடியில் சின்னத் துளை இருந்தால் தானாக வடிந்து அடுத்த மழைக்குத் தயாராகும். துளை அடைபடுவதுதான் பழுது. புரட்டாதியில் ஒரு முறை கம்பியால் குத்தி விடுங்கள். தாங்கியின் வழிவுக் குழாய்க்கு வலை கட்டாவிட்டால் நுளம்புப் பண்ணை.

நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்துக்கு 2007 இல் வந்த திருத்தமும் 2009 விதிமுறைகளும் நகரப் பகுதிப் புதுக் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கின. படத்தில் காட்டி அனுமதி எடுத்துவிட்டு, கட்டாமல் விடுவதுதான் நடக்கிறது.

கிணற்றுக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?

எங்களுக்கு வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில்தான் ஓடும். சுண்ணக்கல்லுக்குள் கடல்நீருக்கு மேலே மிதக்கும் மழைநீர்தான் முழுச் சொத்து. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்பு. ஏட்டுக் கணக்குப்படி கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே 40 அடி நிற்கும். மோட்டரைப் போட்டு இறைத்து அந்த ஒரு அடியைக் குறைத்தால் உப்பு எவ்வளவு மேலே வரும் என்று பாருங்கள். கடல் மட்டம் உயர்ந்தாலும் கணக்கு அதே பக்கம்தான் சாயும்.

சுண்ணக்கல்லில் வெடிப்பும் பொந்தும் உண்டு. மலக்குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி என்ற பொதுக்கணக்கு மண்ணுக்குச் சரி, வெடிப்புக்கு அல்ல. அடி கட்டாத குழி கட்டவே கூடாது. இரண்டு அறை கொண்ட, அடியும் சுவரும் பூசிய தாங்கி, நான்கு பேருக்கு 2500 லீற்றர். மூடுவதற்கு முன் தண்ணீர் நிரப்பி 24 மணித்தியாலம் விட்டு மட்டத்தை அடையாளம் இடுங்கள்; இறங்கினால் கசிகிறது, மேசனைத் திரும்பக் கூப்பிடுங்கள். வெளிவரும் தண்ணீரை ஆழக் குழிக்குள் விடாமல் 2 அடி ஆழ நீள வாய்க்காலில் சல்லி போட்டு விட்டு, பக்கத்தில் வாழை நடுங்கள். தூரம் அளக்கும்போது பக்கத்து வளவுக் கிணறும் கணக்கு.

முற்றத்துக்குக் கல் பதிக்கலாமா?

2 பரப்புக் காணி என்பது 5445 சதுர அடி. வீடு போக 4000 மிஞ்சும் என்று வையுங்கள். அதை முழுக்க மூடினால், 100 மில்லிமீற்றர் பெய்யும் ஒரு நாளில் 37,000 லீற்றர் உங்கள் படலையால் ஒழுங்கைக்கு வரும். வாகனச் சில்லு ஓடும் இடத்துக்கு 2 அடி அகலத்தில் இரண்டு கோடு மட்டும் பதியுங்கள். மிச்சம் மணல்.

புயலும் வெள்ளமும்?

2008 நிஷா, 2020 புரெவி இரண்டிலும் வெள்ளம் நின்ற மட்டத்தை அயலில் கேளுங்கள். பழைய சுவர்களில் கோடு கிடக்கும். வீட்டுத் தளம் அதற்கு மேலே 1 அடியாவது இருக்க வேண்டும். காணியை நிரப்பி உயர்த்த வேண்டாம், அத்திவாரத்தை உயர்த்துங்கள். நிரப்பினால் உங்கள் வெள்ளம் பக்கத்து வீட்டுக்குப் போகும்.

கூரையில் ஒரு முரண் உண்டு. வெயிலுக்கு அகலத் தாழ்வாரம் வேண்டும். புயல் காற்றோ அதை அடியால் பிடித்து முழுக் கூரையையும் தூக்கும். வழி: பிரதான கூரையை 2 அடியோடு நிறுத்தி, விறாந்தைக் கூரையை அதற்குக் கீழே தனியாகக் கட்டுவது. போனால் விறாந்தை மட்டும் போகும். நான்கு பக்கமும் சாய்ந்த கூரை, இரண்டு பக்கக் கூரையை விட நன்றாகத் தாங்கும். சுவர் தலையில் சுற்றிவரக் கொங்கிறீற் வளை ஓட்டி, ஊற்றும்போதே 4 அடிக்கு ஒரு அரை அங்குல போல்ற்றை நட்டு, மர வளையை அதில் இறுக்க வேண்டும். இந்த போல்ற் படத்தில் இருக்கும், கட்டடத்தில் இருக்காது. கொங்கிறீற் இறுகியபின் நினைவு வந்து துளைத்துப் பூட்டினால் பிடிமானம் பாதிதான்.

ஏசி, சோலர் பற்றி?

ஏசி ஒரு அறைக்குப் போதும். அந்த அறைக் கூரைக்கு வெப்பத் தடுப்பும் யன்னலுக்கு நல்ல அடைப்பும் கொடுங்கள். 26 பாகையில் வைத்து மின்விசிறியையும் ஓட விட்டால் 23 இல் இருக்கிற மாதிரித் தெரியும். 75 வாட் பழைய விசிறிக்குப் பதில் 30 வாட்டில் ஓடும் விசிறிகள் கடைகளில் உண்டு.

சோலர் 1 கிலோவாட்டுக்கு நாளுக்கு 4 யூனிட் என்று கணக்கிடலாம். 5 கிலோவாட்டுக்கு 300 சதுர அடி இடம். தெற்கே பார்த்து 10 பாகைச் சாய்வு. கடற்கரைப் பக்கம் துருப்பிடிக்காத போல்ற்றே வேண்டும், முலாம் பூசியது சில வருடத்தில் கரையும். ஒரு பனையின் நிழல் ஒரு தகட்டில் விழுந்தாலும் அந்த வரிசையே குறையும். அதற்காகப் பனையைத் தறிக்க வேண்டாம், தகட்டை நகர்த்துங்கள்.

காசு வெளிநாட்டிலிருந்து வருகிறது. அண்ணா அனுப்பிய படத்தில் உள்ள மாதிரித்தான் வீடு வேண்டும் என்கிறார். என்ன செய்வது?

ரொறன்ரோ வீட்டின் கண்ணாடி முகப்பு அங்கே வெயிலை உள்ளே கொண்டுவரக் கட்டியது. முகப்பின் அழகை விறாந்தைத் தூணிலும் கூரை வடிவிலும் கொண்டுவரலாம் என்று கீறிக் காட்டுங்கள். பரப்பளவைப் பற்றியும் பேசுங்கள். வருடத்தில் மூன்று கிழமை ஆள் வரும் ஐந்து அறைக்குப் பதில், இப்போது மூன்றைக் கட்டி, மற்ற இரண்டுக்கும் அத்திவார இடத்தை மட்டும் விட்டு வைக்கலாம். அம்மாவும் அப்பாவும்தான் அங்கே இருக்கப்போகிறவர்கள். பூட்டிய அறைகளைக் கூட்டித் துடைப்பதும் அவர்கள்தான்.

கட்டடக் கலைஞரிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

வழக்கமான படங்களோடு இன்னும் நான்கு தாள். யூன், டிசம்பர் மாதங்களில் மத்தியானமும் பின்னேரம் 4 மணியும் நிழல் எங்கே விழும் என்ற படம். சோளகமும் வாடையும் ஒவ்வொரு அறைக்குள்ளும் எதனால் வந்து எதனால் போகும் என்ற படம். கூரைத் தண்ணீர், குளியல் தண்ணீர், மலக்குழி, உங்கள் கிணறு, அயல் கிணறு எல்லாம் ஒரே தாளில். கடைசியாக, கூரை சுவரோடு பிணையும் இடத்தின் பெரிதாக்கிய படம், போல்ற்றின் அளவோடு. நான்காவது தாளின் பிரதி ஒன்றை மேசனின் கையில் கொடுங்கள். கந்தோரில் இருக்கும் பிரதியால் கூரை நிற்காது.